மின்கலம் கேட்காத காமிரா

ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரின் லைட்ஸ் நுண்ணோக்கித் தொழிற்சாலையில் பணியாற்றிய ஆஸ்கர் பார்னாக் ஓர் ஆஸ்துமா நோயாளி. கனத்த தகட்டுக் காமிராவைச் சுமப்பது அவருக்குப் பெரும்பாடு. ஆகவே சினிமாவுக்குரிய 35 மி.மீ. பிலிமைக் கொண்டு கைக்கடக்கமான காமிரா ஒன்றை 1913-14-இல் உருவாக்கினார். 1925-இல் லைப்சிக் கண்காட்சியில் அது ‘லைக்கா’ என்ற பெயரோடு அறிமுகமாயிற்று.

இதை இயக்குவது சுருள்வில்லே. பிலிமை நகர்த்தக் குமிழைத் திருகும்போதே வில்லும் முறுக்கேறிவிடும். பொத்தானை அழுத்தினால் இரண்டு துணித்திரைகள் முன்னும் பின்னுமாக ஓடும். அவற்றின் இடைவெளி குறுகினால் பிலிமில் ஒளி விழும் நேரமும் குறையும். 1/500 வினாடி வரை!

ரப்பர் பூசிய துணி நாளடைவில் விரிசல் கண்டு ஒளி கசியும், எண்ணெயும் இறுகிப்போகும். திரையை மாற்றி எண்ணெயிட்டால் 1925-ஆம் ஆண்டுக் காமிராவும் இன்று படம் பிடிக்கும். பின்னாளில் வந்த மின்னணுக் காமிராக்கள் பலவற்றில் மின்சுற்று பழுதானால் மாற்றுப் பாகம் கிடைப்பதே அரிது.