ஹல் நகரத்து டப்பாவும் பாட்டிலும்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், ஹம்பர் ஆறு கடலில் கலக்குற இடத்துக்குப் பக்கத்தில், ஹல் என்று ஒரு துறைமுக நகரம் இருக்கு. மினியேச்சர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுறவர்கள் இந்த ஊருக்கு ரெண்டு வகையில் கடன்பட்டிருக்காங்க. வண்ணம் பூசவும் இந்த ஊர் சரக்குதான், பூசினதை உரிக்கவும் இந்த ஊர் சரக்குதான்.

பூசுவது ஹம்ப்ரால் எனாமல். 1919-இல் ஹல்லில் 'ஹம்பர் ஆயில் கம்பெனி' என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. சைக்கிளுக்கான எண்ணெயில் ஆரம்பித்து, பிறகு பெயின்ட்டுக்கு வந்தார்கள். அந்தச் சின்னத் தகர டப்பாக்களைப் பழைய மாடல் ஆர்வலர்கள் யாரும் மறக்க மாட்டார்கள்.

உரிப்பது, நம்ம வீட்டுக் குளியலறை அலமாரியில் இருக்கிற அதே டெட்டால்! ஐசக் ரெக்கிட் 1840-இல் ஹல்லில் ஸ்டார்ச் ஆலையாகத் தொடங்கியதுதான் ரெக்கிட் நிறுவனம். வெள்ளை வேட்டிக்குப் போடுற ராபின் நீலமும் அவங்க சரக்குதான். 1930-களின் தொடக்கத்தில் அவர்கள் டெட்டாலைக் கொண்டுவந்தது பிரசவ வார்டுகளில் தாய்மார்களைக் கொன்றுகொண்டிருந்த தொற்றுக் காய்ச்சலைத் தடுப்பதற்காக. லண்டன் குயின் ஷார்லட் மருத்துவமனையில் லியோனார்ட் கோல்ப்ரூக் அதைச் சோதித்தார். பொம்மை பெயின்ட்டை உரிக்க உதவும் என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

சரி, கிருமிநாசினி ஏன் பெயின்ட்டை உரிக்குது? கிருமியைக் கொல்லும் குளோராக்சிலெனால் அதில் 4.8 சதவீதம்தான். பெயின்ட் விஷயத்தில் முக்கியமான வேலையைச் செய்வது கூடவே இருக்கிற டெர்பினியாலும் ஆல்கஹாலும். ஆனால் பெயின்ட் கரையும்போது ரெசின் மட்டும் ஏன் தப்பிக்குது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் ரெண்டு ஜெர்மன் ஒட்டோக்களிடம் போய் நிற்போம்.

முதல் ஒட்டோ, ஒட்டோ ரோம். 1901-இல் அக்ரிலிக் அமிலச் சேர்மங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். 1933-இல் பிளெக்ஸிகிளாஸ் அவருடைய நிறுவனத்திலிருந்து வந்தது. 1950-களில் அதே அக்ரிலிக் தண்ணீரில் கலக்கும் பெயின்ட்டாக மாறியது. இன்றைக்கு மினியேச்சருக்குப் பூசுவது பெரும்பாலும் இதைத்தான். இரண்டாவது ஒட்டோ, ஒட்டோ பேயர். பேயர் கம்பெனி குடும்பத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. 1937-இல் லெவர்குசனில் பாலியூரித்தேனை உருவாக்கினார். இரண்டு திரவங்களைக் கலந்து அச்சில் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் இறுகுகிற வார்ப்பு ரெசின் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான்.

அக்ரிலிக் பெயின்ட்டின் மூலக்கூறுச் சங்கிலிகள் சேமியா மாதிரி. பின்னிக் கிடக்கும், ஆனா ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்காது. கரைப்பான் உள்ளே புகுந்தால் உப்பி, வழுக்கி, கழன்றுவிடும். பாலியூரித்தேன் ரெசின் மீன்வலை மாதிரி, முடிச்சு போட்டது. கரைப்பான் உள்ளே போனாலும் வலை பிரியாது. ஆனால் அசிட்டோன் போன்ற வலுவான கரைப்பானில் ரெசினும் உப்பி இளகலாம். அதனால் அசிட்டோன் பக்கமே போக வேண்டாம். பழைய எனாமல் ஏன் அடம் பிடிக்கிறது என்பதும் இதில் புரியும். காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து, காய்ந்த பிறகு அதுவும் முடிச்சு போட்டுக்கொள்கிறது.

செய்முறை இதுதான். மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் தண்ணீர் கலக்காத டெட்டால். முதலில் பொம்மையின் அடிப்பாகத்தில் ஒரு ஓரமாகச் சோதித்துப் பாருங்கள். பிறகு சில மணி நேரம் ஊறட்டும், ரெசினை நாள் கணக்கில் ஊறப் போடாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு, பழைய டூத் பிரஷ்ஷை டெட்டாலிலேயே நனைத்துத் தேயுங்கள். இந்தக் கட்டத்தில் தண்ணீர் பட்டால் டெட்டால் பால் மாதிரி வெளுக்கும், இளகிய பெயின்ட் பிசினாகித் திரும்ப ஒட்டிக்கொள்ளும். பெயின்ட் முழுக்கப் போன பிறகுதான் சோப்புத் தண்ணீர். வீட்டில் பூனை இருந்தால் டெட்டாலே வேண்டாம், அதிலுள்ள ஃபீனால் வகைச் சேர்மம் பூனைக்கு விஷம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பயன்படுத்துங்கள். அது சீக்கிரம் தீப்பிடிக்கும், அடுப்பு பக்கம் வைக்காதீர்கள்.

வளைந்த வாளையோ ஈட்டியையோ வெந்நீரில் முக்கி நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் வைத்தால் நிற்கும். ரெசினை உப்புத்தாளால் தேய்ப்பதானால் ஈரமாகத் தேயுங்கள், தூசு நுரையீரலுக்கு ஆகாது. சென்னைக் காற்றின் ஈரப்பதத்தில் ஸ்ப்ரே பிரைமர் சுண்ணாம்பு பூத்த மாதிரி ஆகிவிடும். மழைக்காலத்தில் நான் பிரஷ்ஷால் பூசும் பிரைமரைத்தான் நம்புவேன்.

இதுவரைக்கும் வேதியியல். உரிக்கலாமா என்பது வேறு கேள்வி.

1893-இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியது. எச்.ஜி.வெல்ஸ் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' எழுதியது இப்படிப்பட்ட பொம்மைகளை வைத்து விளையாடித்தான். அவற்றுக்கு வண்ணம் தீட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் பலர் வீட்டிலிருந்தே வேலை செய்தவர்கள். அவர்கள் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை. கன்னத்தில் வைத்த ஒரு சிவப்புப் புள்ளி, மீசைக்கு இழுத்த ஒரு கோடு, இவ்வளவுதான் அவர்கள் விட்டுப்போன கையெழுத்து. அதை டெட்டாலில் ஊறப் போட்டால், இருக்கிற ஒரே ஆதாரத்தைச் சாக்கடையில் ஊற்றுகிறோம். அது ஈயப் பொம்மை என்பதால் சுரண்டுகிறவருக்கும் ஆபத்து.

பெரிய அளவிலும் இது நடந்திருக்கிறது. 1937-38-இல் பிரிட்டிஷ் மியூசியத்தில், புதிய காட்சிக்கூடத்துக்காகப் பார்த்தெனான் சிற்பங்களைத் தாமிர உளியாலும் கார்போரண்டத்தாலும் தேய்த்து 'சுத்தம்' செய்தார்கள். கிரேக்கப் பளிங்கு வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்ற ரசனை. 2009-இல் அதே மியூசியத்தில் ஜொவான்னி வெர்ரி அகச்சிவப்புக் கேமராவை வைத்துப் பார்த்தபோது, அந்தச் சிற்பங்களில் எகிப்திய நீலத்தின் துணுக்குகள் ஒளிர்ந்தன. வெள்ளை இல்லை, வண்ணச் சிற்பங்கள்! தேய்த்தபோது போனதில் எவ்வளவு வண்ணம் இருந்தது என்று இனி எந்தக் கேமராவாலும் சொல்ல முடியாது.

அச்சில் ஆயிரக்கணக்கில் வார்த்த ரெசின் பொம்மையைப் பார்த்தெனானோடு ஒப்பிடுவது கொஞ்சம் ஓவர்தான். ரெசின் திரும்பக் கிடைக்கும், உண்மை. ஆனால் மேலே இருக்கிற பெயின்ட் திரும்பக் கிடைக்காது. அதைப் பூசியவர் பதினான்கு வயதுப் பையனாக இருந்தாலும் அது அவன் உழைப்பு.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிற பொம்மைகளுக்கு நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். மென்பொருள் வேலையில் பழைய கோடை அழிப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வைப்போமே, அதேதான். நாலு பக்கமும் புகைப்படம், அடிப்பாகத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதற்கும் ஒன்று. ஒரு தொகுப்பில் பத்து இருந்தால் ஒன்பதை உரிப்பேன், ஒன்றை அப்படியே விடுவேன். ஈயம் என்றால் எதையும் தொடுவதில்லை.

அப்படி விட்டவை இப்போது என் அலமாரியில் ஒரு தட்டு நிறைய நிற்கின்றன. தடித்த பெயின்ட், கோட்டைத் தாண்டிய சிவப்பு, மாறுகண். அழகாக இருக்கின்றன என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு கை தெரிகிறது.