பூச்சூடிப் போன போர்

செவிலிமேட்டிலிருந்து காஞ்சி நகருக்குள் வந்து வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் நிற்பவரைப் படைகள் சூழ்ந்துகொள்ளும். எட்டாம் நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவமல்லன் எடுப்பித்த கோயில் அது. பல்லவர் வரலாறு சுவர் நெடுகச் சிற்பமாக ஓடுகிறது. யானையும் குதிரையும் ஆயுதம் ஏந்திய வீரரும் நெருக்கியடித்து நிற்கிறார்கள். இப்படிப்பட்ட போர்களைப் பேசத் தமிழ் சேர்த்து வைத்திருந்த சொற்செல்வம் பெரிது.

போர், அமர், சமர், செரு, ஞாட்பு, பூசல் என அது நீளும். லத்தீனும் இதில் சளைத்ததல்ல. நெடும்போர் 'பெல்லும்', களத்தில் நிகழும் ஒரு மோதல் 'புரொய்லியும்', சண்டை 'பூக்னா'. கை முட்டியைக் குறிக்கும் 'பூக்னுஸ்' இதன் உறவுச்சொல். உரோமர் பெரிதும் போரின் அளவைப் பார்த்துப் பெயரிட்டார்கள். தமிழ்ப் புலவர்கள் நோக்கத்தைப் பார்த்தார்கள். வீரர் சூடிச் சென்ற பூவிலிருந்து பெயரை எடுத்தார்கள்.

ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை. படையெடுத்தால் வஞ்சி, எதிர்த்து நின்றால் காஞ்சி. மதிலை வளைத்தால் உழிஞை, உள்ளிருந்து காத்தால் நொச்சி. இருபடையும் களத்தில் மோதினால் தும்பை, வென்றவனுக்கு வாகை. இது புறப்பொருள் வெண்பாமாலை தரும் பகுப்பு. தொல்காப்பியரோ கரந்தையையும் நொச்சியையும் தனித்திணை ஆக்கவில்லை. காஞ்சியை நிலையாமைக்கு உரியதாக்கினார். காஞ்சிக்காரர்கள் நின்று கவனிக்க வேண்டிய வேறுபாடு இது. 'மலைதல்' என்ற வினைக்குப் பூச்சூடுதல், போரிடுதல் என இரு பொருளும் இருப்பது இந்த மரபுக்கு எவ்வளவு பொருத்தம்!

இவற்றை வெறும் ஏட்டுச் சொற்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் ஒரு நடுகல் கிடைத்தது. கூடலூர் ஆநிரைப் பூசலில் மாண்ட அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல். அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'ஆகோள்' என்றே வெட்டியிருக்கிறார்கள். தொல்காப்பியர் வெட்சித் துறைகளுள் ஒன்றாகச் சொல்லும் அதே சொல்! செங்கம் வட்டாரத்துப் பல்லவர் கால நடுகற்களில் மந்தைக்குப் பெயர் 'தொறு'. தொறு மீட்டு மாண்டவன் 'பட்டான்'. புகழ்மொழி எதுவும் தேவைப்படாத சொல் அது. புறத்திணையைத் தேர்வுக்கான பட்டியலாக மனப்பாடம் செய்யும் மாணவர்களிடம் இந்தக் கற்களின் படங்களைக் கட்டாயம் காட்ட வேண்டும்.

வாகை இன்று விளையாட்டுப் பக்கங்களில் 'வாகை சூடியது' என்று வாழ்கிறது. பூசல் உட்கட்சிப் பூசலாகவும் குடும்பப் பூசலாகவும் நாளிதழில் நிலைத்துவிட்டது. கோட்டை காத்த நொச்சியைப் பலர் இப்போது சளிக்கு ஆவி பிடிக்கும் தழையாக மட்டுமே அறிவார்கள்.