உழைப்பாளர் கட்சியிலிருந்து வளையமாதேவி வரை: கடலூர்–சிதம்பரம் வட்டாரத்தில் கட்சிகள் மீதான கசப்பின் வரலாறு

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் போகும் பேருந்தில் இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் வரிசையாக வருபவை இவை: சிப்காட் ஆலைகள், அவற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஓடும் உப்பனாறு, பாதியில் நின்றுபோன நாகார்ஜுனா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குப் பிரியும் சாலை, பரங்கிப்பேட்டைப் பக்கம் அனல்மின் நிலையம். வலப்பக்கம் நெல் வயலும் ஊருக்கு ஊர் கொடிக்கம்பங்களும். பெரிய கட்சிகளிடம் ஏமாந்தோம் என்று புதுக் கட்சி தொடங்குவது இந்த வட்டாரத்தில் தலைமுறைக்கு ஒருமுறை நடந்திருக்கிறது. ஆனால் இடப்பக்கத்து ஆலைகளைப் பற்றிய கசப்பு அந்தக் கட்சிகளுக்குள் வெகுகாலம் நுழையவில்லை. அது மனுவாகவும் வழக்காகவும் தனி வழியில் போயிற்று. இரண்டும் எங்கே பிரிந்து நடந்தன, எங்கே சந்தித்தன என்பதே இங்கே நம் கேள்வி.

முதல் கட்டம் தென்னார்க்காட்டில் எழுந்தது. எண்ணிக்கையில் மிகுந்திருந்தும் காங்கிரஸின் வேட்பாளர் பட்டியலில் தங்களுக்கு இடமில்லை என்ற வன்னியர்களின் மனக்குறை 1949 ஜில்லா போர்டு தேர்தலிலேயே வெளிப்பட்டது. 1951இல் கடலூரின் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியார் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியைத் தொடங்கினார். வடார்க்காட்டில் எம்.ஏ. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி தனியாக நின்றது. 1952 தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும் காமன்வீல் 6 இடங்களையும் பிடித்தன. பெரும்பான்மை இல்லாத அவையில் இந்த 25 பேரின் மதிப்பு என்ன என்று விளக்க வேண்டியதில்லை. மாணிக்கவேலர் ராஜாஜியின் அமைச்சரவைக்குப் போனார். 1954இல் காமராஜர் முதல்வரானபோது படையாட்சியாரும் அமைச்சரானார். கட்சி காங்கிரஸில் கரைந்தது.

இந்த நிகழ்வை ஆராய்ந்த லாயிட் ருடால்ஃப், சூசன் ருடால்ஃப் தம்பதியர், சாதிச் சங்கம் ஜனநாயகத்தின் வாகனமாக மாறியதற்கு இதை எடுத்துக்காட்டாகக் கொண்டார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கடலூர்ப் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. எதிர்த்துத் தொடங்கு, எண்ணிக்கையைக் காட்டு, உள்ளே போ என்ற பேரத்தின் இலக்கணம் இங்கேதான் எழுதப்பட்டது. பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தி எழுதியதாகத் தெரியவில்லை.

அடுத்த கட்டம் இடஒதுக்கீட்டுக் கோரிக்கையோடு வந்தது. 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கம் ஒரு வாரம் நடத்திய சாலை மறியலில் 21 பேர் உயிரிழந்தனர். 1989 தேர்தலைச் சங்கம் புறக்கணித்தது. அதே ஆண்டு தி.மு.க. அரசு மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கென 20 விழுக்காடு ஒதுக்கியது. ஜூலை 16 அன்று பாட்டாளி மக்கள் கட்சி பிறந்தது. 1991இல் அக்கட்சிக்குச் சட்டமன்றத்தில் கிடைத்த ஒரே இடம் பண்ருட்டி. அங்கே வென்ற பண்ருட்டி ராமச்சந்திரன் கட்சியின் அப்போதைய சின்னமான யானை மீதேறிச் சட்டமன்றத்துக்கு வந்தார். கூட்டணி இல்லாமல் நின்ற நாட்களின் கம்பீரம் அந்த ஊர்வலத்தோடு முடிந்தது என்றே சொல்லத் தோன்றுகிறது. 1998இல் அ.தி.மு.க., 1999இல் தி.மு.க. இருந்த அணி, 2001இல் மறுபடி அ.தி.மு.க., 2004இல் தி.மு.க. என்று கட்சி அணி மாறிக்கொண்டே இருந்தது.

சிதம்பரத்தில் கதை வேறு கோணத்தில் திரும்பியது. தனித்தொகுதியான அது தலித் அரசியலின் அளவுகோல். 1990களில் விடுதலைச் சிறுத்தைகள் ‘தேர்தல் பாதை திருடர் பாதை’ என்று சொல்லி வாக்குச்சாவடியைப் புறக்கணித்தார்கள். 1999இல் அவர்களின் தலைவர் தொல். திருமாவளவன் அந்த நிலையைக் கைவிட்டு, மூப்பனாரின் த.மா.கா. அணியில் சிதம்பரத்தில் நின்றார். இரண்டு லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கியும் பா.ம.க.விடம் தோற்றார். வாக்குப்பதிவு நாளில் தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. பெரிய கட்சிகள் மீது ஒரேவிதமான கசப்பு கொண்டிருந்த இரண்டு மக்கள் திரளும் அன்று வாக்குச்சாவடி வாசலில் எதிரெதிரே நின்றன. 2009இல் திருமாவளவன் தி.மு.க. அணியில் வென்று மக்களவைக்குப் போனார்.

இவ்வளவு நடக்கையில் ஆலைகள் என்ன செய்தன? 1980களின் தொடக்கத்தில் கடலூர் சிப்காட் வந்தது. குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம் போன்ற ஊர்களில் கிணற்று நீரும் காற்றும் கெட்டன. உப்பனாற்று மீனவர்களின் வலை இளைத்தது. 1998இல் நீதிபதி நயினார் சுந்தரத்தின் மாநில மனித உரிமை ஆணையம் இங்கே வந்து பார்த்து, மாசு தரும் ஆலைகளை இனியும் சேர்க்கக் கூடாது என்ற கருத்தைச் சொன்னது. அதன் பிறகும் சேர்ந்தன.

2004இல் கிராமத்தினர் தாங்களே காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். வாளிக்குள் ஒரு பிளாஸ்டிக் பை, ஒரு வால்வு. நாற்றம் வரும் நேரத்தில் திறந்து மூடுவது. கலிபோர்னியாவில் எண்ணெய் ஆலைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் 1990களில் கண்ட உத்தி இது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அதிகாரி வரும்போது போய்விடும் நாற்றம், வாளிக்குள் அகப்பட்டது. பிறகு நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனம், 2008இல் வெளிவந்த அறிக்கையில், சிப்காட் அருகே வாழ்வோருக்குப் புற்றுநோய் வரும் அபாயம் இயல்பைவிடக் குறைந்தது 2,000 மடங்கு என்று மதிப்பிட்டது. இப்படி ஒரு எண் வந்த மாவட்டத்தில் ஆட்சியே கவிழ வேண்டாமா என்று தோன்றும். அடுத்து வந்த தேர்தல்களில் பேசப்பட்டது கூட்டணிக் கணக்கு.

காரணத்தைத் தலைவர்களின் குணத்தில் மட்டும் தேடுவது எளிது, ஆனால் போதாது. ஆலைக்கு நிலம் எடுப்பது மாநிலத் தொழில் நிறுவனம், அனுமதி தருவது மத்திய அமைச்சகம், கண்காணிப்பது வாரியம். மூன்றில் எதையும் ஒரு சட்டமன்றத் தொகுதியால் தோற்கடிக்க முடியாது. கட்சிக்குப் பணம் வரும் வழியும் மாறிக்கொண்டிருந்தது. 1969இல் தடை செய்யப்பட்ட கம்பெனி நன்கொடை 1985இல் திரும்ப அனுமதிக்கப்பட்டது, லாபத்தில் 7.5 விழுக்காடு என்ற உச்சவரம்பு 2017இல் நீங்கியது. கூடவே வந்த தேர்தல் பத்திரத்தை 2024 பிப்ரவரி 15 அன்றுதான் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கடலூரின் எந்தத் திட்டத்தையும் எந்த நன்கொடையோடும் முடிச்சுப்போட என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் தெரிந்துகொள்ளும் வழியே அடைபட்டிருந்த காலம் அது.

இரண்டு கசப்புகளும் சந்தித்த இடம் பெட்ரோலிய, ரசாயன முதலீட்டு மண்டலம். அதன் பிறப்பைக் கவனிக்க வேண்டும். மண்டலக் கொள்கை 2007இல் வந்தபோது மத்திய அமைச்சரவையில் தி.மு.க.வும் இருந்தது, பா.ம.க.வும் இருந்தது. கடலூர்–நாகப்பட்டினம் மண்டலத்துக்கு ஒப்புதல் கிடைத்த 2012இல் ரசாயனத் துறை மு.க. அழகிரியிடம், மாநிலத்தில் ஜெயலலிதா ஆட்சி. 2017 ஜூலையில் எடப்பாடி பழனிசாமி அரசு 45 கிராமங்களில் சுமார் 23,000 ஹெக்டேரைக் குறித்து அரசாணை வெளியிட்டது. அப்போது எதிர்த்தவர்களில் தி.மு.க., பா.ம.க., விடுதலைச் சிறுத்தைகள், இடதுசாரிகள் எல்லாரும் உண்டு. 1999இல் எதிரெதிரே நின்ற ஊர்கள் ஒரே பட்டியலில் இருந்தன. அரசாணைக்குச் சாதிவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கமில்லை.

2020 பிப்ரவரியில் அதே அரசு வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்து, ரசாயன மண்டல அறிவிக்கையை ரத்து செய்தது. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆகிய 5 ஒன்றியங்கள் பாதுகாப்புக்குள் வந்தன. முன்பே நடந்துவரும் திட்டங்களைச் சட்டம் தொடவில்லை.

அந்த விதிவிலக்கின் விலை 2023இல் தெரிந்தது. ஏப்ரலில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பழுப்பு நிலக்கரிப் படுகை மத்திய அரசின் ஏலப் பட்டியலில் இருப்பது தெரிந்ததும், எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் எதிர்த்தன. சில நாட்களில் அது நீக்கப்பட்டது. ஜூலை 26 அன்று, அதே சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், முன்பே எடுத்த நிலம் என்று சொல்லி, நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் வாய்க்கால் வேலைக்காகக் கதிர் விட்ட நெல்லுக்குள் இயந்திரங்கள் இறங்கின. 2006இல் இதே என்.எல்.சி.யின் பங்கு விற்பனையைத் தி.மு.க. தடுத்தது, 2013இல் ஜெயலலிதா அரசு பங்குகளை மாநில நிறுவனங்களுக்கே வாங்கிக்கொண்டது. தனியாரிடமிருந்து காப்பாற்றப்பட்ட நிறுவனத்திடமிருந்து நிலத்தைக் காப்பாற்ற யாருக்கும் வழி இருக்கவில்லை.

இயந்திரங்களுக்குக் காவல் நின்றது தி.மு.க. அரசின் போலீஸ். தொகுதி எம்.பி. திருமாவளவன் அதன் கூட்டணியில். ஜூலை 28 அன்று நெய்வேலியில் போராட்டம் நடத்தியது பா.ம.க.; அது கல்வீச்சிலும் கைதிலும் முடிந்தது. அதே கட்சி, பத்து நாள் முன்பு டெல்லியில் கூடிய 38 கட்சிகளின் தேசிய ஜனநாயகக் கூட்டணிப் பட்டியலில் இருந்தது, என்.எல்.சி.யின் உரிமையாளரோ அந்தக் கூட்டணியின் அரசு. உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எம். தண்டபாணி, அறுவடை வரை இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்ற பொருளில் கேட்டார். அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னார்.