12 வோல்ற் பற்றரியும் 5 வோல்ற் பலகையும்: எந்த ரெகுலேற்றரைத் தெரிவு செய்வது?

1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டவர்களில் நானும் ஒருவன். வேகம் குறைந்தால் குரல் தேயும்; கூடினால் வானொலி கருகிவிடுமோ என்று பயம். ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேற்றரின் அருமை பின்னாளில்தான் விளங்கியது.

இன்று மீளக்குடியேறிய காணியில் மிளகாய் வைத்திருக்கிறேன். மண்ணின் ஈரத்தை அளந்து கைத்தொலைபேசிக்கு அறிவிக்க, ஈ.எஸ்.பி.8266 பொருத்திய வைஃபை பலகை ஒன்று அங்கே இருக்கிறது. சோலார் பற்றரி தருவது 12 வோல்ற். பலகைக்குத் தேவை 5.

முதலில் மலிவான 7805ஐப் போட்டேன். தொட்டதும் விரல் சுட்டது. காரணம் எளிது. மிஞ்சும் 7 வோல்ற்றை அது வெப்பமாகவே கழிக்கும். பலகை 0.2 அம்பியர் எடுத்தால் 7 × 0.2 = 1.4 வாற் வெப்பம். பலகைக்குக் கிடைப்பதோ 1 வாற் மட்டுமே. அலுமினியத் தகடு பூட்டினால் சூடு தணியும். பற்றரியின் இழப்புக் குறையாது.

பிறகு எல்எம்2596 மொடியூலுக்கு மாறினேன். இது மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டிக் கொடுத்து அழுத்தத்தைக் குறைப்பதால் வீணாவது மிகக் குறைவு. ஆனால் ஒரு எச்சரிக்கை: பலகையை இணைக்கமுன் மல்ரிமீற்றரை வைத்து, மொடியூலில் உள்ள சிறு திருகைத் திருப்பி 5 வோல்ற் வரச் செய்யுங்கள். நான் அளக்காமல் இணைத்தேன். பலகை கருகியது; அறிவிப்பு வராததால் ஒரு வரிசைக் கன்றும் வாடியது.

லிதியம் கலத்தில் 3.3 வோல்ற் பலகையை இயக்குவோர் ஏஎம்எஸ்1117ஐத் தவிருங்கள். அதற்கு உள்ளே வரும் அழுத்தம் வெளியே போவதைவிட 1 வோல்ற்றுக்கு மேல் கூடுதலாக இருக்கவேண்டும். முழுதாக நிரம்பிய கலமே 4.2 வோல்ற்தான். அத்துடன் சும்மா இருக்கும்போதே அது சுமார் 5 மில்லி அம்பியர் குடிக்கும். 2000 மில்லி அம்பியர்-மணிக் கலம் 17 நாளில் தீர்ந்துவிடும். வைஃபை இல்லாத சிறு கருவிக்கு எம்சிபி1700 பொருந்தும். அது குடிப்பது மில்லி அம்பியரில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை; ஆனால் 250 மில்லி அம்பியருக்கு மேல் தராது, 6 வோல்ற்றுக்கு மேல் தாங்காது.

கடைக்குப் போகமுன் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: உள்ளே வரும் ஆகக்கூடிய, ஆகக்குறைந்த வோல்ற், கருவி எடுக்கும் உச்ச மின்னோட்டம், ஒரு சார்ஜில் எத்தனை நாள் இயங்கவேண்டும். விலையைப் பார்ப்பது அதற்குப் பிறகு.