வேகப்பந்துக்கு ஆள் பொறுக்கியவர்கள்

சதுரங்கப்பட்டினத்தில் டச்சு வணிகர் மஸ்லின் துணியைத் தரம் பிரித்துக் கப்பலேற்றிய அதே சிரத்தையுடன், அக்கடற்கரைக்கு வடக்கே சென்னைச் சேத்துப்பட்டில், 1987-இல் இளைஞரைத் தரம் பிரிக்கும் காரியம் ஒன்று ஆரம்பமாயிற்று. சுழற்பந்தையே பெரிதும் நம்பியிருந்த தேசத்துக்கு வேகப்பந்து வீச்சாளரை உண்டாக்குவதென எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் ரவி மாம்மன் சங்கற்பித்து, ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லியை வரவழைத்து நிறுவிய பயிற்சிக்கூடமே அது.

எடுத்த விக்கெட்டுகளை எண்ணி ஆளைப் பொறுக்குவது சுலபம். ஆனால் ஓடிவரும் லயம், பந்தை விடும் கணத்தில் முன்பாதம் ஊன்றும் உறுதி, இடுப்பும் தோளும் ஒத்துத் திரும்புகின்றனவா அல்லது முரண்பட்டு முதுகெலும்பை வருத்துகின்றனவா என்ற சூக்ஷ்மம் ஆகியவற்றைக் கண்டு, இன்னும் விளையாத திறமையை ஊகிப்பதற்கு லில்லியைப் போன்ற அனுபவசாலியின் கண் வேண்டும். ஜவகல் ஸ்ரீநாத்தும் ஜாகீர் கானும் இக்கூடத்தில் பயின்றவர்களே.

பந்து வீச ஆசைப்பட்டு வந்த பதினான்கு வயது பம்பாய்ச் சிறுவன் ஒருவனை, மட்டையைக் கவனிக்கும்படி சொல்லி லில்லி அனுப்பிவிட்டார். அவன் பெயர் சச்சின் டெண்டுல்கர். 1989-இல் பாகிஸ்தான் சுற்றுப்பயணத்தில் அவனும், அக்கூடத்தின் மாணவர் விவேக் ராஸ்தானும் டெஸ்ட் அரங்கேறினர். ராஸ்தான் சியால்கோட்டில் ஒரே இன்னிங்ஸில் 5 விக்கெட் வீழ்த்தினார். எனினும் அவருடைய இரண்டாவது டெஸ்டாகிய அதுவே, விசித்திரமாக, அவருக்குக் கடைசியுமாயிற்று.