நகல் குமாஸ்தாவின் மகன்

முதல் புஸ்தகம் எழுதுகிறவனுக்குத் தகப்பனார் ஒரு பெரிய சங்கடம். தாயாரைப் பற்றி எழுதுவது சுலபம். இரண்டாவது பக்கத்திலேயே வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். தகப்பனார் விஷயம் அப்படியில்லை. உள்ளபடி எழுதினால் நன்றி கெட்டவன் என்பார்கள். மழுப்பி எழுதினால் கதை பொய்யாகிவிடும்.

இதை நினைக்கும்போதெல்லாம் ஜேம்ஸ் ஜாய்ஸின் முதல் கதைத் தொகுதி எனக்கு ஞாபகம் வரும். ‘டப்ளினர்ஸ்’ என்று பெயர். டப்ளின் நகரத்து மனிதர்களைப் பற்றிய 15 கதைகள். ‘யுலிஸிஸ்’ எழுதிய மகா மேதாவி ஆயிற்றே என்று ஜாய்ஸின் பக்கமே போகாதவர்கள் பலர் உண்டு. இந்தப் புஸ்தகத்துக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை. யாருக்கும் புரியும். புரிந்த பிறகு நிம்மதியாக இருப்பதுதான் கஷ்டம்.

அதில் ‘கவுண்டர்பார்ட்ஸ்’ என்று ஒரு கதை. அந்தச் சொல்லுக்குப் பத்திரத்தின் இணைப் பிரதி என்றும் பொருள் உண்டு. கதாநாயகன் ஃபாரிங்டன் வக்கீல் ஆபீஸில் நகல் எடுக்கிற குமாஸ்தா. ஆள் வாட்டசாட்டமானவன். அவனை விரட்டுகிற முதலாளியோ சிறிய உருவம். ஒரு நாள் வேலை முடியாததற்கு எல்லார் முன்னிலையிலும் முதலாளி சீறுகிறார். ஃபாரிங்டன் வாய் தவறி ஒரு பதில் சொல்லிவிடுகிறான். உடனே மன்னிப்புக் கேட்க வேண்டியதாகிறது. கடிகாரத்தை 6 ஷில்லிங்குக்கு அடகு வைத்துக் குடிக்கப் போகிறான். தான் சொன்ன பதிலை நண்பர்களிடம் வீரச் செயல்போல வர்ணிக்கிறான். மன்னிப்பை மட்டும் விட்டுவிடுகிறான். பிறகு கைப்பலம் பார்க்கும் பந்தயம் வருகிறது. தேசத்தின் மானத்தைக் காப்பாற்றச் சொல்லி நண்பர்கள் அவனைத் தூண்டிவிடுகிறார்கள். ஒரு பொடிப் பையனிடம் இரண்டு தடவை தோற்கிறான்.

பணம் போயிற்று, கடிகாரம் போயிற்று, பலசாலி என்ற பெயரும் போயிற்று. வீட்டுக்கு வருகிறான். மனைவி கோயிலுக்குப் போயிருக்கிறாள். சின்னப் பையன் அடுப்பை அணைய விட்டுவிட்டான். இது போதாதா? கைத்தடியை எடுக்கிறான். அடிக்க வேண்டாம், உங்களுக்காக மாதாவிடம் ஜபம் சொல்கிறேன் என்று குழந்தை கெஞ்சுகிறது. அத்தோடு கதை முடிகிறது.

பகலில் ஆபீஸில் வாங்கிய அவமானத்துக்கு ராத்திரி வீட்டில் ஒரு நகல் எடுத்துவிட்டான் குமாஸ்தா. அவன் ஒழுங்காக எழுதி முடித்த நகல் அன்று அது ஒன்றுதான்.

இந்தக் கதைக்கு முந்திய கதையிலும் ஒரு குமாஸ்தா வருகிறான். மென்மையானவன், கவிதை எழுத ஆசைப்படுகிறவன். லண்டனில் பெரிய மனிதனாகிவிட்ட நண்பனைப் பார்த்துவிட்டு வந்து, அழுகிற கைக்குழந்தையின் முகத்துக்கு நேரே கத்திவிடுகிறான். பிறகு வெட்கத்தில் அவன் கண்ணில் நீர் வருகிறது. ஜாய்ஸ் அவனையும் தடிக்காரனையும் அடுத்தடுத்து நிற்க வைத்தார். குரலை உயர்த்துவதற்கும் கையை ஓங்குவதற்கும் நடுவில் எத்தனை தூரம் என்று நாமே அளந்துகொள்ள வேண்டும்.

இனி புஸ்தகத்தின் சரித்திரம். 1905-ல், 23 வயதில், ஜாய்ஸ் இந்தக் கதைகளை லண்டனில் கிராண்ட் ரிச்சர்ட்ஸ் என்ற பதிப்பாளருக்கு அனுப்பினார். 1906-ல் ஒப்பந்தமும் ஆயிற்று. ஆனால் அச்சகத்தார் மறுத்தார். அந்நாளில் இங்கிலாந்தில் ஆபாசமான புஸ்தகம் என்று வழக்கு வந்தால் அச்சிட்டவரும் கூண்டில் ஏற வேண்டும். ஆகவே அவர் சில இடங்களில் பென்ஸிலால் கோடு போட்டார். ‘கவுண்டர்பார்ட்ஸ்’ கதையில் எந்த இடங்கள் தெரியுமா? இரண்டு குடித்தனம் நடத்துகிற ஒருவனைப் பற்றிய பேச்சு ஒன்று. மதுக்கடையில் ஒரு பெண் ஃபாரிங்டனின் நாற்காலியை உரசிக்கொண்டு போவது இன்னொன்று. கடைசிப் பக்கத்துத் தடியடிக்குக் கோடில்லை!

அந்த அச்சகத்தார் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. குழந்தையை அடிப்பது அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். தினம் பார்க்கிறது கண்ணில் படுமா?

கதைகள் திரும்பி வந்தன. 1909-ல் டப்ளினிலேயே மான்ஸல் கம்பெனி ஒப்புக்கொண்டது. 1912-ல் அச்சான தாள்களை அங்குள்ள அச்சகத்தார் அழித்துவிட்டார். ஜாய்ஸ் ஊரை விட்டுப் போனார். 1941-ல் இறக்கும் வரை அயர்லாந்து மண்ணை மறுபடி மிதிக்கவில்லை. கடைசியில் அதே கிராண்ட் ரிச்சர்ட்ஸ்தான் 1914-ல் புஸ்தகத்தை வெளியிட்டார். முதல் வருஷம் விற்றது 499 பிரதிகள்.

ஜாய்ஸின் தகப்பனார் ஜான் ஜாய்ஸ் சொத்தோடு பிறந்தவர். நல்ல பாட்டு, நல்ல பேச்சு, ஓயாத குடி. வரி வசூல் உத்தியோகம் 1893-ல் போன பிறகு பென்ஷனை வைத்துக்கொண்டு பெரிய குடும்பத்தை வீடு வீடாக மாற்றிக்கொண்டு திரிந்தார். ஒரு முறை குடிவெறியில் மனைவியின் கழுத்தைப் பிடிக்க, சிறுவன் ஜேம்ஸ் அவர் முதுகில் பாய்ந்து கீழே தள்ளினான் என்று தம்பி ஸ்டானிஸ்லாஸ் எழுதி வைத்திருக்கிறார். தம்பி தகப்பனாரை வெறுத்தார். அண்ணனோ கடைசி வரை நேசித்தார். 1931-ல் அவர் இறந்தபோது மனம் உடைந்து போனார். அப்படி நேசித்தவர்தான் தகப்பன்மார்களைப் பற்றி இப்படியும் எழுதினார். நேசம் இருந்ததால் பேனா பொய் சொல்லவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

என் விஷயத்துக்கு வருகிறேன். என் ஆரம்ப காலக் கதைகளிலும் அடிக்கிற அப்பாக்கள் உண்டு. ஆனால் ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு அந்த அப்பா எழுந்து வருவார். பிள்ளையின் தழும்பைத் தடவிக் கொடுப்பார். ஒரு சொட்டுக் கண்ணீர் விழும். வாசகர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஓர் அம்மாள் மட்டும் ஒரு கார்டு எழுதினார்: “ஐயா, கதை நன்றாக இருந்தது. எங்கள் வீட்டில் ராத்திரி யாரும் எழுந்து வந்ததில்லை.”

பெயர் போடவில்லை. பதில் எழுத எனக்கு வழியில்லை. எழுதியிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்? எங்கள் வீட்டிலும் யாரும் எழுந்து வந்ததில்லை. அதைத்தான் நான் கோடு போட்டு அடித்துவிட்டுக் கண்ணீரை எழுதினேன். லண்டன் அச்சகத்தாராவது சட்டத்துக்குப் பயந்தார். நான் யாருக்குப் பயந்தேன்?

ஃபாரிங்டனின் மகன் வளர்ந்து என்ன ஆனான் என்று ஜாய்ஸ் சொல்லவில்லை. அவன் கையிலும் ஒரு தடி வந்திருக்கலாம். ஒரு பேனாவும் வந்திருக்கலாம்.