அடுத்த அறை அஸ்வினி பாபு

காலையில் அந்த அறைக் கதவு திறக்கவில்லை. தட்டியும் பதில் இல்லை. உள்ளே தாழ் போட்டிருக்கிறது. பார்த்தால், தொண்டை அறுபட்டுக் கிடக்கிறார் அஸ்வினி பாபு. முந்தின இரவு வரை அதே வீட்டில் உண்டு உறங்கிய மனிதர். அவருக்கு யார் பகை, எதற்காகப் பகை என்று கேட்டால் பக்கத்து அறைக்காரர்கள் விழிக்கிறார்கள்.

1993இல் தூர்தர்ஷனில் வந்த 'ப்யோம்கேஷ் பக்ஷி' தொடரின் முதல் கதை இது. இயக்கியவர் பாசு சாட்டர்ஜி. ப்யோம்கேஷாக ரஜித் கபூர், நண்பர் அஜித்தாக கே. கே. ரைனா. சரதிந்து பந்த்யோபாத்யாய் 1930களின் தொடக்கத்தில் வங்காளியில் எழுதிய 'சத்யான்வேஷி'தான் மூலம். கதை நடக்கும் காலம் வங்காள ஆண்டு 1331, அதாவது 1924ஐ ஒட்டிய கல்கத்தா.

கொலையாளி யார் என்பதைவிட, கொலை நடந்த வீடு எப்படிப்பட்டது என்பதில்தான் இந்தக் கதையின் உயிர் இருக்கிறது. அது ஒரு மெஸ். கல்கத்தாவில் மெஸ் என்றால் சாப்பாடு போடும் இடம் மட்டுமில்லை; அறையும் உணவும் சேர்ந்த ஆண்களின் விடுதி. டல்ஹவுசி சதுக்கத்து அலுவலகங்களில் குமாஸ்தா வேலைக்கும் கல்லூரிப் படிப்புக்கும் வங்காளத்தின் மூலைமுடுக்குகளிலிருந்து ஆண்கள் வந்து குவிந்த காலம். மனைவி மக்கள் கிராமத்தில், சம்பளக்காரர் நகரத்தில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க மக்கள்தொகைக் கணக்குகளைப் பார்த்தால் கல்கத்தாவில் ஆண்களின் தொகை பெண்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இந்த ஆண்களையெல்லாம் தாங்கியவை ஹாரிசன் ரோடு, கல்லூரித் தெரு, ஆமெர்ஸ்ட் தெருப் பக்கத்து மெஸ்கள். ஒரு சமையல்காரர், ஒரு வேலையாள், ஓர் அறைக்கு இரண்டு மூன்று கட்டில்கள். பல மெஸ்களில் தங்கியிருப்பவர்களே முறைவைத்து மாதம் ஒருவராக மேலாளர் பொறுப்பேற்றுக் கடைகண்ணிச் செலவையும் கணக்கையும் பார்த்துக்கொண்டார்கள்.

சரதிந்து இதையெல்லாம் கேள்விப்பட்டு எழுதியவரல்லர். கல்கத்தாவில் படித்த நாட்களில் ஹாரிசன் ரோட்டு மெஸ் ஒன்றில் தங்கியிருந்தவர். ஒரே பந்தியில் தினம் இரண்டு வேளை சேர்ந்து உண்பார்கள். ஒருவர் ஊரில் என்ன விட்டுவிட்டு வந்தார் என்பது மற்றவருக்குத் தெரியாது. சாதி, குடும்பம், பரம்பரை எல்லாம் ஊரறியக் கிடக்கும் கிராமத்தில் இப்படி ஒரு மறைவிடம் கிடைக்காது. பொய்ப் பெயரோடு ஒருவர் வந்து தங்க மெஸ்ஸைவிடத் தோதான இடம் ஏது?

அப்படித்தான் ஒருவர் வருகிறார். அதுல் சந்திர மித்ரா என்று பெயர் சொல்லி, தங்க இடமில்லை என்கிறார். தகப்பனார் விட்டுப்போன பணத்தின் வட்டியில் காலம் தள்ளும் எழுத்தார்வக்காரன் அஜித், தன் அறையில் பாதியைக் கொடுக்கிறான். வந்தவர் ப்யோம்கேஷ். அந்த வட்டாரத்தில் தொடர்ந்து நடக்கும் கொலைகளின் மர்மத்தைத் தேடி, காவல்துறை ஆணையரின் அனுமதியோடு உள்ளே நுழைந்தவர். அந்த அனுமதி கீழ்நிலை அதிகாரிகளுக்குத் தெரியாததால், அஸ்வினி பாபு செத்ததும் சந்தேகம் புதிதாக வந்த இவர் மேலேயே விழுகிறது. ஷெர்லாக் ஹோம்ஸின் சாயல் இந்தக் கதைகளில் இருக்கிறது என்பார்கள், இருக்கிறதுதான். ஆனால் இறந்தவரோடு ஒரே பந்தியில் உண்டு, கொலைப்பழிக்கும் ஆளாகி வெளிவருகிற அறிமுகம் ஹோம்ஸுக்குக் கிடைக்கவில்லை.

குற்றவாளி, மெஸ்ஸை நடத்தும் அனுகூல் டாக்டர். ஏழைகளுக்கு மலிவாக மருந்து கொடுக்கும் ஹோமியோபதிக்காரர், வாய் நிறையப் பேசுகிறவர், எல்லாருக்கும் வேண்டியவர். மருந்துப் பெட்டியின் மறைவில் அவர் நடத்தியது கொக்கைன் வியாபாரம். பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டதுதான் அஸ்வினி பாபுவின் குற்றம். இந்த இடத்தில் சரதிந்துவின் கூர்மை வியக்க வைக்கிறது. பேர்பெற்ற அலோபதி மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1867இல் ஹோமியோபதிக்கு மாறியதிலிருந்து வங்காள வீடுகளில் அந்த வெள்ளை உருண்டைகளுக்குத் தனி மரியாதை. கொக்கைனோ சட்டம் தடுத்தும் துறைமுகம் வழியாகக் கடத்தி வரப்பட்டு, வெற்றிலையில் வைத்து மெல்லப்பட்ட பொருள். நகரம் கண்ணை மூடி நம்பிய ஒன்றையும், நகரத்தை அரித்த ஒன்றையும் ஒரே ஆளின் கையில் கொடுத்துவிட்டார் எழுத்தாளர்.

தொலைக்காட்சியில் பாசு சாட்டர்ஜி இதைப் பரபரப்பாக்க முயலவில்லை. 'ரஜனிகந்தா', 'சோட்டி சி பாத்' போன்ற படங்களில் நடுத்தர வர்க்கத்தின் அன்றாடத்தைக் காட்டிய கை அது. வேட்டி ஜிப்பாவில் துப்பறிவாளர், பெரும்பாலும் அறைக்குள்ளேயே நகரும் காட்சிகள், நிதானமான பேச்சு. 1985இல் கேரட்டைக் கடித்தபடி வந்த 'கரம்சந்த்'துக்குப் பழகிய பார்வையாளர்களுக்கு இது வேறு ருசி. செயற்கைக்கோள் அலைவரிசைகள் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில் இவ்வளவு அடக்கமான தொடர் ஒன்று வேரூன்றியது சாதாரண விஷயமில்லை. 1997இல் இரண்டாம் பகுதி வந்தது. 2020 ஊரடங்கின்போது தூர்தர்ஷன் இந்தத் தொடரை மீண்டும் ஒளிபரப்பியது.

மெஸ் வங்காளக் கற்பனைக்கு வேறு பிள்ளைகளையும் பெற்றுத் தந்தது. பிரேமேந்திர மித்ராவின் புளுகு மன்னன் கனாதா குடியிருந்தது பனமாலி நஸ்கர் சந்து 72ஆம் எண் மெஸ்ஸில். உத்தம் குமாரும் சுசித்ரா சென்னும் முதன்முதலாக ஜோடி சேர்ந்த 1953ஆம் ஆண்டுப் படமான 'ஷாரே சுவாத்தோர்' முழுக்க முழுக்க ஒரு மெஸ்ஸின் கலகலப்புதான்.

அந்தப் படம் வந்தபோதே அதன் உலகம் கலையத் தொடங்கியிருந்தது. 1947 பிரிவினை, கிழக்கு வங்காளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக மக்களைக் கொண்டுவந்து சேர்த்தது. 1957 டிசம்பரில் ஹவுராவிலிருந்து மின்சார ரயில் ஓட ஆரம்பித்த பிறகு, புறநகரிலிருந்து தினமும் வேலைக்கு வந்துபோவது இன்னும் எளிதானது. நகரத்துக்குள் கட்டில் பிடிக்க வேண்டிய கட்டாயம் குறைந்தது.

ப்யோம்கேஷும் மாறினார். சத்யவதியை மணந்தார், தகப்பனானார், பிற்காலக் கதைகளில் ஹாரிசன் ரோட்டை விட்டுத் தெற்குக் கல்கத்தாவின் கேயாதலாவில் சொந்த வீட்டுக்குக் குடிபோனார். 1970இல் சரதிந்து மறைந்தபோது 32 கதைகள் முடிந்திருந்தன. 33ஆவது பாதியில் நின்றது. கடைசிக் கதைகளில் அஜித்தின் குரலும் இல்லை. மெஸ் அறையில் பாதியைக் கொடுத்தவனிடமிருந்து கதை சொல்லும் வேலையை ஆசிரியர் தாமே எடுத்துக்கொண்டுவிட்டார்.